சிஎஸ்ஆர் பணமும் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் வேலையும்: வாசகர் கேள்வி-பதில்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைக் கொண்டு தொழிற்பயிற்சி நடத்துவது பற்றி நெல்லை, தென்காசி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நாலு வருஷமாக அறக்கட்டளை நடத்துகிறோம். தையலும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுக்கிறோம். சிஎஸ்ஆர் பணத்துக்கு யாரைப் பார்ப்பது, என்னென்ன காகிதம் வேண்டும்?
– அறங்காவலர் ஒருவர், வள்ளியூர்

பதில்: எந்தக் கம்பெனி கொடுக்கக் கடமைப்பட்டது என்று முதலில் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டினாலே போதும். அந்தக் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்பதை ஏழாவது அட்டவணை சொல்கிறது. வேலைவாய்ப்புக்கான தொழில்திறன் பயிற்சி அதில் இருக்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆகவே சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன், ராதாபுரம் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர் யார், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலை நடத்துபவர் யார் என்று பட்டியல் போடுங்கள். இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த சிஎஸ்ஆர் திட்டங்களைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட்டே ஆகவேண்டும். போன வருஷம் எதற்குக் கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டுப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

காகிதம்: பதிவுப் பத்திரம், பான், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்று ஆண்டு தணிக்கைக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக சிஎஸ்ஆர்-1 பதிவு எண். 2021 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாத அமைப்புக்குக் கம்பெனி சிஎஸ்ஆர் வேலையைக் கொடுக்க முடியாது. படிவத்தைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அறங்காவலர் டிஜிட்டல் கையெழுத்தோடு போடவேண்டும். ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ காஸ்ட் அக்கவுன்டன்டோ சான்று தரவேண்டும். படிவம் சிக்குவது பெரும்பாலும் அமைப்பின் பெயரில்தான். பத்திரத்தில் ஒரு மாதிரி, பான் அட்டையில் வேறு மாதிரி, 80ஜி உத்தரவில் இன்னொரு மாதிரி இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இதே மாதிரிப் பணியில் மூன்று வருஷ அனுபவமும் கேட்பார்கள். நாலு வருஷ வருகைப் பதிவேடு பத்திரமாக இருக்கிறதா?

போகும் காலமும் முக்கியம். அடுத்த ஆண்டுக்கான செயல்திட்டம் ஏப்ரலுக்கு முன்பே உருவாகிவிடும். கார்த்திகை, மார்கழியிலேயே பேச்சைத் தொடங்குங்கள். மார்ச் மாதம் கிடைக்கும் பணம் பெரும்பாலும் மிச்சப் பணம். "31-ஆம் தேதிக்குள் பில் கொடுங்கள்" என்ற நிபந்தனையோடு வரும். மூன்று மாதப் பயிற்சியை மூன்று வாரத்தில் முடிக்க முடியாது. அப்படி வந்தால், அதைத் தொடர் திட்டமாக இயக்குநர் குழுவில் ஒப்புதல் வாங்கித் தரச் சொல்லுங்கள். அப்போது செலவாகாத தொகையைக் கம்பெனி நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் அம்மாமார் பீடி சுற்றிப் படிக்க வைத்த பெண் பிள்ளைகள் பிளஸ் டூவோடு வீட்டில் இருக்கிறார்கள். ஒரு கம்பெனி தையல் மெஷின் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?
– மகளிர் குழுத் தலைவி, முக்கூடல்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். மெஷின் வாங்கிக் கொடுப்பது கம்பெனிக்குச் சுலபம்; போட்டோ எடுக்கலாம், பில் இருக்கும். ஆனால் தைத்த துணியை யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் முப்பது மெஷின் வாங்கினால் அது உறை போட்ட மெஷினாகவே நிற்கும்.

வேலை கொடுப்பவரிடம் முதலில் போங்கள். கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் சோலார் செல், மாட்யூல் (செல்களைக் கோத்த பலகை) ஆலை இருக்கிறது. அங்கே பெண்களே பெரும்பான்மை. அந்த மாதிரி ஆலையின் வேலை எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரியவேண்டும். ஒரு செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கையுறை இல்லாமல் தொட்டால் வியர்வை படியும். அழுத்திப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு இருட்டறையில் மின்சாரம் செலுத்திப் படம் எடுக்கும்போது அந்தக் கீறல் கறுப்புக் கோடாகத் தெரியும், மாட்யூல் ஒதுக்கப்படும். ஆகவே பயிற்சியில் கற்றுத் தரவேண்டியது சோலார் எப்படி மின்சாரம் தருகிறது என்ற பாடம் மட்டும் அல்ல. எட்டு மணி நேரம் நின்று பழகுவது, செல்லை ஓரத்தில் ஏந்துவது, ஷிஃப்ட் மாறும்போது பதிவேட்டில் சரியாக எழுதுவது, இவைதான் பிள்ளையை வேலையில் நிறுத்தும்.

சிஎஸ்ஆர் அதிகாரியோடு மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆள் எடுப்பது அவர் அல்ல, மனிதவளப் பிரிவும் புரொடக்ஷன் மேலாளரும்தான். எத்தனை பேர், எந்த மாதம், என்ன சம்பளம், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, இரவு ஷிஃப்ட் வண்டி வீட்டு வாசல்வரை வருமா, தெருமுனையோடு நின்றுவிடுமா, ஹாஸ்டல் உண்டா, அதன் வாடகை சம்பளத்தில் பிடிப்பார்களா, இத்தனையையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி வண்டியும் தங்குமிடமும்தான். அது நியாயமான கேள்வி.

ஆண் பிள்ளைகளுக்கு, அதிலும் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் முடித்தவர்களுக்கு, காற்றாலைப் பராமரிப்பு இருக்கிறது. வைகாசியில் காற்று எழும்பினால் புரட்டாசிவரை மெஷின் ஓடவேண்டும். பராமரிப்பு வேலை அதற்கு முன் நடக்கும். மாசிக்குள் பயிற்சி முடிந்தால்தான் ஆள் தேவை இருக்கும்போது நம் பிள்ளைகள் தயாராக இருப்பார்கள். உயரம் ஏறும் சோதனையை முதல் வாரத்திலேயே வையுங்கள். மூன்று மாதம் படித்தபின் ஏறப் பயமாக இருக்கிறது என்றால் பணமும் காலமும் வீண்.

கேள்வி: 30 பேருக்கு மூன்று மாதப் பயிற்சி. கம்பெனி பட்ஜெட் கேட்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது? எங்கே இடிக்கும்?
– தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர், பாளையங்கோட்டை

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊர் விலைக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் இருவர், மாதம் 25,000 வீதம் மூன்று மாதம்: 1,50,000. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து, வேலையில் அமர்த்தி, ஆறு மாதம் பின்தொடரும் ஒருவருக்கு 18,000 வீதம் ஒன்பது மாதம்: 1,62,000. பேருந்துக் கட்டணம் தினம் 40 ரூபாய், 75 நாள், 30 பேர்: 90,000. பயிற்சிப் பொருள் தலைக்கு 2,500: 75,000. ஷூ, கையுறை, சீருடை தலைக்கு 1,500: 45,000. தேர்வுக் கட்டணம் 30,000. வாடகையும் கரண்டும் 45,000. கணக்கு, தணிக்கை 20,000. மொத்தம் 6,17,000.

சேர்ந்தவர் கணக்கில் தலைக்குச் சுமார் 20,600 ரூபாய். ஆறு மாதம் கழித்து 18 பேர் வேலையில் நிலைத்தார்கள் என்று வைத்தால், நிலைத்தவர் கணக்கில் தலைக்கு 34,000-க்குச் சற்று மேல். கம்பெனியிடம் இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள். முதல் எண்ணைக் குறைத்துக் காட்டும் போட்டியில்தான் நல்ல திட்டங்கள் கெட்டுப்போகின்றன. போட்டியில் முதலில் வெட்டப்படுவது அந்த 1,62,000. அதை வெட்டினால் சான்றிதழ் இருக்கும், வேலையில் ஆள் இருக்காது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று யாராவது சொன்னால், அந்த வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு விதிக்கப்பட்டது என்று விதியைக் காட்டுங்கள். களப்பணியாளர் சம்பளம் திட்டச் செலவு.

பெரும்பாலோர் எழுத மறப்பது இடைக்காலச் செலவு. பிள்ளை 10-ஆம் தேதி வேலைக்குச் சேர்கிறாள். முதல் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதி, அதுவும் இருபது நாளுக்குத்தான். அதற்குள் ஹாஸ்டல் அட்வான்ஸ், சாப்பாடு, பஸ். அம்மா வட்டிக்கு வாங்கிக் கொடுக்கவேண்டியதாகிறது, இல்லையென்றால் பிள்ளை திரும்பி வந்துவிடுகிறாள். முதல் மாதத்தில் வேலையை விடுபவர்களில் பலர் வேலை பிடிக்காமல் விடுவதில்லை, இந்தக் காசு இல்லாமல்தான் விடுகிறார்கள். தலைக்கு 5,000 ரூபாய் திரும்பச் செலுத்தும் சுழல் நிதியாக, மேலே சொன்ன தொகைக்குத் தனியாகக் கேளுங்கள். மூன்று சம்பளத்தில் திருப்பிவிடுவார்கள், அடுத்த பேட்சுக்கு ஆகும்.

தவணையைக் கவனியுங்கள். வேலையில் அமர்த்தியபின் பாதிப் பணம் என்று ஒப்பந்தம் போட்டால் நடுவில் பயிற்றுநருக்குச் சம்பளம் நின்றுபோகும். ஒப்பந்தத்தன்று 30 சதவீதம், வருகைப் பதிவு பார்த்து 40, தேர்வு முடிந்ததும் 20, ஆறாம் மாதம் 10 என்பது இரு பக்கமும் தாங்கும் அமைப்பு. பணம் உரிய முறையில் செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைமை அதிகாரி சான்று தரவேண்டும் என்பதால் பில்லும் வங்கிப் பதிவும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் அந்த வேலை பாதியாகும்.

நாள்காட்டியையும் பாருங்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் சாஸ்தா கோயிலுக்குப் போகும். சித்திரை, வைகாசி, ஆடியில் ஊருக்கு ஊர் கோயில் கொடை. அந்த வாரத்தில் தேர்வு வைத்துவிட்டு வருகை குறைந்தது என்று வருந்திப் பயனில்லை.

கேள்வி: எங்கள் ஒர்க்‌ஷாப்பில் 12 பேர்தான். சிஎஸ்ஆர் எங்களுக்கு இல்லை. நாங்களும் பயிற்சியில் சேரலாமா?
– லேத் பட்டறை உரிமையாளர், பேட்டை

பதில்: தாராளமாக. அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் 1961-ன் கீழ் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம்; 4 முதல் 29 பேர்வரை உள்ளவர்கள் விரும்பினால் எடுக்கலாம். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்போடு, மத்திய அரசு பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுகிறது. மிச்சத்தை நீங்கள் தரவேண்டும். ஒப்பந்தத்தை அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிந்த பிறகே பிள்ளையை மெஷினில் நிறுத்துங்கள். பதியாமல் நிறுத்திவிட்டு விரல் நசுங்கினால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: கம்பெனி தன் பெயர்ப் பலகை வைக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி வருமா?
– அறக்கட்டளைக் கணக்காளர், சங்கரன்கோவில்

பதில்: நன்றி தெரிவித்து நன்கொடையாளர் பெயரை எழுதுவதற்கு வராது, 2019 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பலகை கம்பெனியின் பொருளை விளம்பரம் செய்தால் அது சேவையாகிவிடும், வரி வரும். விளம்பரப் பயனுக்கான ஸ்பான்சர் செலவு சிஎஸ்ஆர் கணக்கிலும் ஏறாது. "சேவைக் கட்டணம்" என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எது எங்கள் திட்டத்துக்குப் பொருந்தும்? கம்பெனி கேட்கிறது.
– சமூகப்பணி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஐ.நா.வின் 17 இலக்குகளில் நாலாவது கல்வி, எட்டாவது கண்ணியமான வேலை. 4.4 என்ற துணை இலக்கு, வேலைக்கான திறன் பெற்ற இளைஞர், பெரியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைச் சொல்கிறது. அதை எழுதுங்கள். பதினேழு சின்னத்தையும் அட்டையில் ஒட்டவேண்டாம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வி கீழே வரை வருகிறது. எத்தனை பேர் நிலைத்தார்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்ற இரண்டு எண் போதும்.

கேள்வி: துபாயில் சிறிய கம்பெனி வைத்திருக்கிறேன். சொந்த ஊர்ப் பயிற்சி மையத்துக்குக் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பலாமா?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: இந்தியக் குடிமகனாக உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அங்கே பதிவான கம்பெனியின் கணக்கிலிருந்து வந்தால், உரிமையாளர் நீங்களே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத மையம் அதைத் தொடக்கூடாது. பதிவு உள்ள மையமும் புதுடெல்லி பாராளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்கவேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதும் தடை. "எங்கள் டிரஸ்டில் போடுங்கள், அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டுவது பயிற்சி மையம்தான். சம்பளக் கணக்கிலிருந்து உங்கள் பெயரிலேயே அனுப்பி, பாஸ்போர்ட் நகலையும் மையத்திடம் கொடுத்து வையுங்கள்.