அடுத்த செக்குக்கு முன் தீர்மானத்தை எழுதி வாங்குங்கள்

தம்பி ஐயருக்கு ஸ்தோத்திரம்.

மத ஊழியருக்கான ஆர்-1 விசாவில் மனைவி, பிள்ளையோடு ஹூஸ்டன் சபைக்குப் போதகராக வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம் வருடத்துக்கு 48,000 டாலர், அதில் 18,000 வாடகை போன்ற வீட்டுச் செலவுக்கு என்று சபைப் பொருளாளர் வாய்வார்த்தையாகச் சொன்னாராம். முதல் செக்கில் வரியே பிடிக்கவில்லை, இது சரிதானா, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள்.

வரி பிடிக்காதது தப்பில்லை. ஆனால் அது கட்ட வேண்டாத வரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் சேகரம், அதாவது நம் சபை வட்டாரம், வீடு கொடுத்தது, கரண்டு பில்லையும் கட்டியது, அறுப்பின் பண்டிகைக்கு அரிசி மூட்டை வந்தது. இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் படித்தேன், வீட்டு வரவுசெலவு எழுத ஒருவரும் சொல்லித்தரவில்லை. இங்கே வந்து அடுத்த ஏப்ரலில் ஐயாயிரம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னபோது கையில் எண்ணூறுதான் இருந்தது.

இங்கே போதகருக்கு வரிச் சட்டத்தில் இரண்டு முகம். வருமான வரிக்கு நீங்கள் சபையின் ஊழியர், டபிள்யூ-2 என்ற வருடாந்திரச் சம்பளச் சான்று தருவார்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் மட்டும் சுயதொழில் செய்பவர். மற்ற வேலைக்காரருக்கு 7.65 சதவீதம் சம்பளத்தில் பிடித்து, முதலாளி இன்னொரு 7.65 போடுவார். நமக்கு 15.3 சதவீதமும் நம் தலையில்தான், இதுதான் சுயதொழில் வரி. பொருளாளர் நல்ல மனதோடு மற்ற ஊழியருக்குப் போல அந்தப் பாதியைப் பிடிக்க ஆரம்பித்தாலும், அது தவறு, நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் தொகைக்கே போட்டுப் பார்ப்போம். முழு வருடம் இங்கே இருந்து, வீட்டுக்கான 18,000-ஐயும் உண்மையிலேயே வீட்டுக்கே செலவழித்தால் வருமான வரிக்கு மிஞ்சுவது 30,000. மனைவியோடு சேர்ந்து கணக்குக் கொடுத்தால் நிலையான கழிவு போக வருமான வரி அநேகமாக ஒன்றுமிருக்காது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். சுயதொழில் வரிக்கு அந்த 18,000-மும் சேரும். 48,000-இல் 92.35 சதவீதத்தை எடுத்து அதற்கு 15.3 போட்டால் சுமார் 6,780 டாலர். மாதத்துக்கு 565. ஒவ்வொரு செக்கிலும் அந்தப் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள், தசமபாகம் எடுத்து வைப்பது போல. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் நாலு தவணையாகக் கட்டலாம். ஒதுக்கி வைக்க மனசு வராது என்றால், டபிள்யூ-4 படிவத்தில் எழுதிக் கொடுத்து வருமான வரியாகவே பிடிக்கச் சொல்லலாம். அப்படிப் பிடித்தது சுயதொழில் வரியிலும் கழியும். வந்த முதல் வருடத்துக்கு, எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு வேறு. போதகர்களுக்கு வரி போட்டுப் பழகிய ஆளிடம் அதை ஒருமுறை காட்டிவிடுங்கள், ஊர்க்காரர் தெரிந்தவர் என்று போகாமல்.

சரி, வீட்டுத் தொகை. வாய்வார்த்தை செல்லாது. 18,000 வீட்டுக்கு என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டு மினிட்ஸில் எழுத வேண்டும். அதுவும் பணம் கொடுப்பதற்கு முன். பின்தேதி போட முடியாது. அதனால் போன செக் போனதுதான், இனி வருவதையாவது காப்பாற்றுங்கள். ஒதுக்கிய தொகை, நிஜமாகச் செலவானது, சாமான்களோடு அந்த வீடு என்ன வாடகைக்குப் போகுமோ அதோடு கரண்டு, தண்ணீர்ச் செலவு, இம்மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் வருமான வரி விலக்கு. 15,000 தான் செலவு என்றால் மீதி 3,000 வருமானத்தில் சேரும். வாடகை, கரண்டு, தண்ணீர், கட்டில், சோபா எல்லா ரசீதையும் ஒரு ஷூ பெட்டியில் போட்டு வையுங்கள்.

கல்யாணத்துக்குப் போனால் கவர் கொடுப்பார்கள். ஊரில் அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, ஐயரம்மா வாங்கி அரிசி டின்னுக்குள் வைப்பாள். இங்கே அதுவும் வருமானம். தேதியும் தொகையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

4361 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த 15.3 வேண்டாம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். அது, அரசு காப்பீட்டை மனசாட்சிப்படி எதிர்க்கிறேன் என்று சத்தியம் செய்வது. பணம் மிச்சம் என்பதற்காக அதில் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டபின் திரும்பப் பெறவும் முடியாது. ஊழிய வருமானத்துக்கு ஓய்வுக்காலச் சோஷியல் செக்யூரிட்டி சேராது. நான் போடவில்லை.

அப்புறம், ஊரில் உங்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்குகள். வருடத்தில் ஒரு நாளாவது எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் இங்கே அறிவிக்க வேண்டும். அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும் அதில் சேரும்.

ஊரிலிருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு என்று கேட்பார்கள். குடும்பத்தாருக்குத் தரும் ஆர்-2 விசாவில் மனைவி வேலைக்குப் போக முடியாது, சம்பளம் ஒன்றுதான். 565 தொடக்கூடாத பணம் என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் மூன்று வருடம் கிரெடிட் கார்டில் அனுப்பினேன்.

கூச்சம் என்றீர்களே. ஐயர் பணம் பேசினால் ஆசைக்காரர் என்பார்களோ என்றுதான் நானும் வாய்மூடி இருந்தேன். கடைசியில் கேட்டபோது பொருளாளர், "எங்களுக்கும் தெரியாது ஐயரே" என்றார். அடுத்த கமிட்டி என்றைக்கு? தீர்மானத்தை இரண்டு வரியில் எழுதி எனக்கு முந்தின நாள் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.