டெட் சியாங்: பாதியில் நின்றுபோனால் தாண்டிவிடுங்கள்

வணக்கம். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி, அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டெட் சியாங்கின் ‘எக்ஸலேஷன்’ சிறுகதைத் தொகுப்பைத் திறந்தேன், மென்பொருள் பிராணிகளை வளர்க்கும் அந்த நெடுங்கதையில் மாட்டிக்கொண்டேன், மிச்சத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். நூறு பக்கத்துக்கு மேல் போகும் குறுநாவல் அது, நாலாவதாக வந்து வழியை அடைத்துக்கொள்கிறது. தாண்டி, கிளி பேசும் ‘தி கிரேட் சைலன்ஸ்’ கதைக்குப் போங்கள். சில பக்கம்தான், தைப்பிங் வருவதற்குள் முடிந்துவிடும்.

தலைப்புக் கதையை அவசரமாகப் படித்திருந்தால் இன்னொரு முறை படியுங்கள். அங்கே மனிதர்கள் இயந்திரங்கள். கேஸ் சிலிண்டர் மாற்றுவதுபோல் தினமும் காற்று நிரப்பிய நுரையீரலை மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் கண்ணாடிகளை அடுக்கி வைத்துத் தன் மூளையைத் தானே பிரித்துப் பார்க்கிறார். அந்த இடத்தில் நான் இறங்க வேண்டிய எல்ஆர்டி ரயில் நிலையத்தையே விட்டுவிட்டேன்.

2002இல் வந்த சியாங்கின் ‘ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்’தான் என் முதல் தேர்வு. ‘அரைவல்’ படத்தின் மூலக்கதை அதில்தான் இருக்கிறது. ஆனால் ‘டவர் ஆஃப் பாபிலோன்’ கதையிலிருந்து தொடங்குங்கள். வெறுங்கையோடு ஏறினாலே ஒன்றரை மாதம் பிடிக்கும் கோபுரம். பத்துமலையின் 272 படிக்கே நமக்கு மூச்சு வாங்குகிறது! உச்சிக்குப் போய் வானத்தின் கூரையைத் தோண்டுகிறார்கள். என்ன கிடைக்கிறது என்று சொல்லமாட்டேன், படித்துவிட்டு வந்து திட்டுங்கள்.