வெள்ளை தெரிந்தாலே வெள்ளைக்கழிச்சல் ஆகாது

கேள்வி: அணைக்கட்டுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 14 நாட்டுக்கோழிகளை மேய விட்டு வளர்க்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து ஒரு பெட்டைக்குக் கழுத்து இறகெல்லாம் கொட்டுகிறது, முட்டையையும் நிறுத்திவிட்டது. தீனி எடுக்கிறது, ஆனால் எச்சத்தில் வெள்ளை தெரிகிறது. தொட்டால் உடம்பு கொதிக்கிறது என்று எனக்கு வாங்கி வைத்திருந்த காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுத்தேன். வேறு இரண்டு இளங்கோழிகளுக்குக் கொண்டையில் கறுப்பாக மரு வந்திருக்கிறது. "வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் எல்லாவற்றையும் விற்றுவிடு" என்கிறார்கள். என்ன செய்யட்டும், டாக்டர் ஐயா?

பதில்: சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் நோய் என்று சொல்லத்தக்கது அந்த இளங்கோழிகளின் மரு ஒன்றுதான். இறகு கொட்டும் பெட்டை தீனி எடுக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பாதி தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

முதலில் எச்சம். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகம் பிரித்தெடுக்கும் கழிவு யூரிக் அமிலமாகி, சுண்ணாம்பு தடவியது போல எச்சத்தின் மேலேயே வந்து விழும். பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ கொஞ்சம் உருண்டு திரண்ட எச்சமும் அதன் மேல் வெள்ளையும் இருந்தால் அது நல்ல எச்சம். இடையிடையே பசை போல, நாற்றம் தூக்கலாக ஒன்று போகும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, அதுவும் இயல்புதான்.

உண்மையான வெள்ளைக்கழிச்சலில் எச்சத்துக்கு உருவமே இருக்காது. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்ப் பீச்சும். வால்பக்க இறகு நனைந்து ஒட்டிக்கொள்ளும். கோழி இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். ஒன்று படுத்தால் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் படுக்கும். அதனால் காலையில் கூண்டைத் திறந்ததும் எச்சத்தைக் குனிந்து பார்ப்பதற்கு முன், கோழி எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். முட்டி மோதிக்கொண்டு ஓடிவரும் கோழிக்கு அன்றைக்கு ஆபத்து அநேகமாக இல்லை.

உடம்புச் சூடு பற்றி: நமக்கு 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் கோழிக்கு இயல்பான சூடே 106, 107. நம் கைக்கு எந்தக் கோழியும் காய்ச்சல் அடிப்பது போலத்தான் தெரியும். மாத்திரையை இனிமேல் கொடுக்க வேண்டாம். பதற்றத்தில் செய்தது, புரிகிறது. ஆனால் மனிதருக்கான மாத்திரைகளை, அதிலும் கிருமிக்கொல்லி மாத்திரைகளை, அளவு தெரியாமல் கொடுத்தால் கோழிக்கும் கேடு. முட்டை வழியாக மருந்து உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கும் வந்து சேரும்.

பகல் பொழுது குறுகும் இந்த மாதங்களில் வளர்ந்த பெட்டைகள் பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டுக்கொள்ளும். தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடம்பு, இறக்கை, வால் என்று போகும். இறகு பெரும்பாலும் புரதம். அதை முளைக்க வைக்கும் வேலையில் முட்டை நின்றுவிடும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். இறகு கொட்டிய இடத்தில் முள் முள்ளாகக் குருத்து தெரிந்தால் எல்லாம் சரி. குருத்து இல்லாமல் தோல் சிவந்திருந்தால் இறக்கைக்கு அடியிலும் வால் பக்கத்திலும் பேன் இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். உண்ணி பகலில் அகப்படாது. கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில்தான் ரத்தம் குடிக்கும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

இந்த நேரத்தில் புரதத் தீனி நல்லது: கரையான், பயறு, கொஞ்சம் புண்ணாக்கு. ஆனால் நம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம் இது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த மல்லாட்டையைப் பல வீடுகளில் கோழிக்குக் கொட்டுகிறார்கள். அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. நமக்கு ஆகாத கொட்டை கோழிக்கும் ஆகாது. எருக்குழியிலும் போடாதீர்கள், கோழி கிளறித் தின்றுவிடும், ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இனி அந்த மரு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோழி அம்மை. மழைக்காலத்தில் கொசுக்கடியால் பரவும் வைரஸ் நோய். கோழியிலிருந்து நமக்குத் தொற்றாது. இரண்டையும் உடனே தனியாகக் கூடை போட்டுக் கவிழ்த்து, தண்ணீர்ச் சட்டியையும் தனியாக வையுங்கள். மருவைக் கிள்ளக் கூடாது. பொருக்கில் வைரஸ் பல மாதம் உயிரோடிருக்கும்; தானாக உதிர்ந்ததைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். பூண்டு, மஞ்சள், வேப்பிலை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுகிறீர்கள் என்றால் தாராளமாகத் தடவுங்கள். வைரஸ் அதில் சாகாது, ஆனால் ஈ மொய்க்காமல் புண் ஆறும். கண் ஒட்டிக்கொண்டால் கொதித்து ஆறிய நீரில் துணி நனைத்துத் துடையுங்கள்; பார்வை மறைந்த கோழி பட்டினியில்தான் சாகிறது. மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும். வாய்க்குள் மஞ்சளாகப் படை கட்டி மூச்சு இழுத்தால் மட்டும் தாமதிக்காமல் கொண்டு வாருங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர் உண்டு. பலர் அதை நம் ராணிப்பேட்டையிலிருந்து வந்த பெயர் என்று நினைக்கிறார்கள். அந்த ராணிக்கெட் இமயமலைப் பக்கத்து ஊர். நம் ராணிப்பேட்டைக்கு இருப்பது நேர்மாறான பெருமை: அங்குள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில்தான் இந்நோய்க்குத் தடுப்பூசி தயாராகிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. கோடைக்கு முன், பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. நலமாக இருக்கும் கோழிக்கு மட்டும்தான் போட வேண்டும். அம்மை தேறிய பிறகு உங்கள் 14 கோழிகளையும் தவறாமல் கொண்டுபோங்கள்.

விற்கச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வாடிய சேவல் ஒன்றைச் சந்தையில் பாதி விலைக்கு வாங்கி வந்து, பத்தே நாளில் தெருவே கோழியில்லாமல் போன கிராமத்துக்கு நான் போயிருக்கிறேன். முட்டைக் காசில் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் ஒருத்தி காலிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீங்களும் சந்தையில் புதுக்கோழி வாங்கினால் மூன்று வாரம் தள்ளி வைத்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். திடீரென ஒன்று இறந்தால் அறுக்காமல், ஓடையில் வீசாமல், பாலித்தீன் பையில் கட்டி அன்றே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போங்கள்; திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.