கிரீன்லாந்து சுறாவா, பிரிசில்கோன் பைன் மரமா: ரெண்டுல எதுக்கு ஆயுசு கெட்டி?

மரத்துக்குத்தான், போட்டியே கிடையாது. கலிபோர்னியாவுல ஒயிட் மவுண்டன்ஸ் மலையில நிக்குற மெத்தூசலாங்குற பைன் மரத்துக்கு 4,800 வயசுக்கு மேல. 2016ல வந்த ஆய்வுல 5 மீட்டர் நீளமிருந்த ஒரு சுறாவுக்கு சுமார் 392 வயசு, அதுலயும் 120 வருஷம் முன்னபின்ன இருக்கலாம்னு சொன்னாங்க. குறைச்சு வச்சு 272னே எடுத்துக்கோங்க, முதுகெலும்புள்ள பிராணியில அதுக்கே ஜோடி இல்ல.

ஆனா எனக்கு இதுல பிடிச்சது வயசை எப்படி கண்டுபிடிச்சாங்கங்குறதுதான். மரத்துக்கு மெல்லிசா ஒரு துளை போட்டு உள்ள இருக்குற வளையத்தை எண்ணிடலாம் (1964ல நெவாடாவுல ஒருத்தர் ஆராய்ச்சிக்குன்னு மரத்தையே வெட்டிட்டு அப்புறமா எண்ணிப் பாத்தாரு, 4,844 வளையம், என்னத்த சொல்ல). சுறாவுக்கு அந்த வழியே இல்ல, இந்த சுறாவோட முதுகெலும்பு ரொம்ப மெத்துன்னு இருக்கும், எண்ணுற மாதிரி வளையமே விழாது. அதனால கண்ணு லென்ஸை எடுத்து வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சு நடுவுல இருக்குற துணுக்குக்குப் போனாங்க, அது தாய் வயித்துல உருவானது, அப்புறம் மாறவே மாறாது, அதுல கார்பன் 14 (காலம் போகப்போக கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுகிட்டே வர்ற கதிரியக்கக் கார்பன்) எவ்ளோ இருக்குன்னு பாத்தாங்க. 1950கள்ல நடந்த அணுகுண்டு சோதனையால கூடிப்போன கார்பன் குட்டி சுறாவுல இருந்துச்சு, பெரிய சுறாவுல இல்ல, அப்போ அதுங்க அதுக்கு முன்னாடியே பொறந்ததுன்னு புரிஞ்சிடுச்சு.

இதுல என்ன கூத்துன்னா, கார்பன் கணக்கு காட்டுற வயசு அப்படியே சரியா இருக்காது, அதைத் திருத்த 1960கள்ல உதவுனதே இந்த பைன் மரத்தோட வளையங்கள்தான். கீழ விழுந்து கிடக்குற கட்டை கூட அந்த வறண்ட குளிர்ல ஆயிரக்கணக்கான வருஷம் மக்காம கிடக்கும், உயிரோட இருக்குற மரத்து வளையத்தோட அதைக் கோத்து பின்னாடி போய்க்கிட்டே இருந்தாங்க. அதாவது சுறாவுக்கு ஜாதகம் கணிச்சதுல மரத்துக்கும் பங்கு இருக்கு.

ரெண்டுக்கும் ஒத்துப்போறது மந்தம்தான். சுறா வருஷத்துக்கு 1 செ.மீ கூட வளராது, பொண் சுறா குட்டி போடுற பருவத்துக்கு வரவே சுமார் 150 வருஷம். மரமும் நல்ல மண்ணுல வேகமா வளந்தா சீக்கிரம் போயிடும், சத்தில்லாத பாறை மண்ணுல நிக்குறதுதான் தாக்குப்பிடிக்கும். ஆனா மரத்துகிட்ட இன்னொரு வித்தை இருக்கு, முக்கால்வாசி உடம்பு செத்து வெளுத்துப்போனாலும் ஓரமா ஒரு நாடா அகலத்துக்குப் பட்டை உசுரோட இருந்தா போதும், அதுல தண்ணி ஏறி மேல ஒரு கொப்பு பச்சையா இருக்கும். சுறாவுல நெறைய பேருக்கு கண்ணுல ஒட்டுண்ணி தொங்கிக்கிட்டு பார்வையே மங்கிடலாம்னு சொல்றாங்க, அதோடயே நீந்துது, அதுவரைக்கும் சரி. ஒரு பக்கம் செத்து மறுபக்கத்தால நீந்த அதால ஆகாதுல்ல.