‘வலை’ தேடினால் ‘வலிமை’ வருகிறது

கேள்வி: அக்கா, நானும் நண்பனும் சேர்ந்து மீன் கம்பெனிகளுக்கான கணக்கு மென்பொருள் செய்து, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கொடுத்து வருகிறோம். உதவிக் கையேடு தமிழில் இருக்கிறது, மொத்தம் ஒன்பது பகுதிகள். கடலோரத்தில் சிக்னல் நிலையில்லை என்பதால் கையேட்டைப் போனுக்குள்ளேயே வைத்து, எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் வசதியைக் கொண்டு தேட வைத்திருக்கிறோம். ‘வலை’ என்று தேடினால் கடவுச்சொல் பக்கம் வந்து நிற்கிறது. ‘ஏலம்’ தேடினால் ‘ஏலத்தில்’ என்று எழுதிய பக்கம் வருவதில்லை. திறந்திருக்கும் பகுதிக்குள் மட்டும் தேட வேண்டும் என்கிறான் நண்பன், முழுக் கையேட்டிலும் தேட வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (மண்டபம் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, தம்பி. ஆனால் உங்கள் நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வலையைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் கடவுச்சொல் பக்கத்தில் ‘வலிமையான கடவுச்சொல்’ என்று எழுதியிருப்பீர்கள். வினை அங்கேதான் இருக்கிறது. எஃப்டிஎஸ்5 வழக்கமாகப் பயன்படுத்தும் யூனிகோட்61 என்ற சொல்பிரிப்பான் (வரியைத் தனித்தனிச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி), எழுத்து என்றும் எண் என்றும் வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சொல்லின் பாகமாக எடுத்துக்கொள்கிறது. நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘குறி’ என்ற தனி வகை. ஆகவே அவை அதன் கண்ணுக்கு இடைவெளி மாதிரி. ‘வலை’யில் ஐகாரக் குறி உதிர்ந்து ‘வல’ என்று நிற்கும். ‘வலிமையான’ என்ற சொல் ‘வல’, ‘ம’, ‘ய’, ‘ன’ என்று நான்காக உடையும். இரண்டிலும் ‘வல’ இருப்பதால் பொருந்திவிட்டது என்று கொண்டுவந்து கொடுக்கிறது. வலி, வலு எதைத் தேடினாலும் இதே கதைதான்.

சொல்லின் பாகமாக ஏற்கும் வகைகளின் பட்டியலில் ‘குறி’யின் உட்பிரிவுகளான எம்சி (Mc), எம்என் (Mn) என்ற இரண்டையும் சேர்த்து, தேடல் அட்டவணையைப் புதிதாக உருவாக்குங்கள். நம் குறிகளில் சில முதல் வகை, சில இரண்டாவது வகை, புள்ளி இரண்டாவது வகை. ஒன்றை விட்டால் பாதிச் சொற்கள் உடைந்தபடியே கிடக்கும்.

இதைச் சரிசெய்த அன்றே அடுத்த புகார் வரும், தயாராக இருங்கள். இதுவரை ‘டீசல்’ தேடியவருக்கு ‘டீசலுக்கு’ம் கிடைத்து வந்தது. அது தற்செயலாக நடந்தது: சொல் உடைந்து கிடந்ததால் ‘ட’, ‘சல’ என்ற துண்டுகள் இரண்டு சொல்லிலும் ஒத்துப்போயின. உடையாமல் முழுச் சொல்லாக வைத்ததும் அந்த ஒற்றுமை போய்விடும். சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடினாலும் அகப்படாது. ‘டீசல்’ புள்ளியில் முடிகிறது, ‘டீசலுக்கு’ என்பதில் அதே இடத்தில் உகரக் குறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு, ‘டீசல’ என்று தொடங்குபவை அத்தனையும் கேளுங்கள். டீசல், டீசலை, டீசலுக்கு, டீசலில் எல்லாம் வரிசையாக வரும். கடைசி உகரத்துக்கும் இதே வைத்தியம்: ‘படகு’ என்றால் ‘படக’ என்று தேடினால் படகில், படகை இரண்டும் வரும். ‘ம்’ என்று முடிந்தால் இரண்டு வடிவம் தேட வேண்டும், ‘ஏலம’ ஒன்று, ‘ஏலத்த’ ஒன்று. உங்கள் இரண்டாவது புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

‘போட்’ என்ற சொல்லை மட்டும் இந்த விதிக்குள் விடாதீர்கள். புள்ளியை எடுத்தால் ‘கையெழுத்துப் போடவும்’ வரும். எடுக்காவிட்டால் ‘பூட்டுப் போட்டு’ வரும். போட், போட்டை, போட்டில், போட்டுக்கு என்று கையாலேயே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம் கரையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல் அது, அரை மணி நேரம் அதற்காகச் செலவழிப்பதில் தப்பே இல்லை. அந்தச் சொல்லில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘போ’வில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கோ வேறு வேறு. கையேட்டையும் தேடுபவர் தட்டுவதையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இரண்டாகச் சேமித்ததையும் ஒன்றாக்கும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். நான் முதன்முதலில் எழுதிய கையேட்டில் உங்கள் நண்பர் சொல்கிற மாதிரிதான் செய்தேன், திறந்திருக்கும் பகுதிக்குள் மட்டும் தேடல். அதே மென்பொருளைத்தான் என் அண்ணன் ஒரு மீன் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது பயன்படுத்தினார். விடியற்காலை நாலரை மணிக்கு போன் செய்தார். எடைமேடையில் கூடை வரிசையாக நிற்கிறது, சங்காயத்துக்கு விலை போடும் இடம் தெரியவில்லை. எடைப் பகுதியைத் திறந்து வைத்து ‘சங்காயம்’ என்று தட்டியிருக்கிறார். திரையில் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்துவிட்டது. ‘ஏம்மா, நீ எழுதுனதுல இது இல்லவே இல்லையா?’ என்று கேட்டார். இருந்தது. விலைப்பட்டியல் பகுதியில், அதுவும் ‘கழிவு மீன்’ என்ற பெயரில் இருந்தது. பகுதி பிரித்தது நான், பெயர் வைத்ததும் நான். இரண்டும் அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதனால் தேடல் எப்போதும் முழுக் கையேட்டுக்கும் போகட்டும். திறந்திருக்கும் பகுதியில் கிடைத்தவை மேலே வரட்டும், உங்கள் நண்பர் பக்கத்து நியாயம் அதுதான். மற்றவை பகுதிப் பெயரோடும் எண்ணிக்கையோடும் கீழே வரட்டும்: ‘முன்பணம் 3, ஏலம் 2’ என்பதுபோல. ஒவ்வொரு முடிவிலும் அந்தச் சொல் வரும் வரியைக் காட்டுங்கள். ‘டீசலுக்குக் கொடுத்த தொகையை போட் வரவில் கழிக்க’ என்று ஒரு வரி தெரிந்தால் போதும், திறக்காமலே இதுதான் என்று கண்டுகொள்வார். பகுதிக்குள் மட்டும் தேடும் வசதியை யாராவது வற்புறுத்திக் கேட்டால் கொடுங்கள். ஆனால் அங்கே கிடைக்காதபோது வெறும் ‘இல்லை’ வேண்டாம். ‘இந்தப் பகுதியில் இல்லை, விலைப்பட்டியலில் 2 இடங்களில் இருக்கிறது’ என்று சொல்லி, தொட்டால் அங்கே போகும்படி வையுங்கள்.

மாற்றுச் சொற்களுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் ஒதுக்குங்கள். கழிவு மீன் பக்கத்தில் சங்காயம், முன்பணம் பக்கத்தில் அட்வான்ஸ், விசைப்படகு பக்கத்தில் போட், லாஞ்சு. எதுவும் கிடைக்காமல் போன தேடல்களை, கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, போனிலேயே பதிந்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், கணக்குப்பிள்ளைகளுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்போது அந்தப் பட்டியலோடு போய் உட்கார்ந்து, ‘இதைத் தட்டும்போது எதைத் தேடினீங்க அண்ணே?’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கையேட்டில் ‘கணக்கு’ எல்லாப் பக்கத்திலும் வருகிறது. ‘ஐஸ் கணக்கு’ என்று தேடினால் ஐஸ் பக்கம் எங்கோ அடியில் கிடக்கிறது. (தொண்டி வாசகி)

பதில்: எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல் எந்தப் பக்கத்தையும் அடையாளம் காட்டாது. அரிய சொல்லுக்கே எடை அதிகம் என்ற இந்தக் கணக்கை 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதி வைத்தார். எஃப்டிஎஸ்5-இல் பிஎம்25 (முடிவுகளைப் பொருத்தத்தின்படி அடுக்கும் சூத்திரம்) வரிசையைக் கேட்டு வாங்கினால் அது தானாக நடக்கும். அதிலேயே தலைப்புப் புலத்துக்கு உடல் பகுதியைவிடக் கூடுதல் எடை கொடுங்கள், ‘ஐஸ்’ என்று தலைப்பிட்ட பக்கம் மேலே ஏறிவிடும்.

கேள்வி: தேடல் முடிவுகளில் ‘அடுத்தது’ பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் திடீரென்று வேறு பகுதியில் நிற்கிறேன். சில சமயம் எண்ணிக்கை மாறுகிறது, ஆனால் திரையில் எதுவும் தெரிவதில்லை. (கீழக்கரை வாசகர்)

பதில்: எதுவும் தெரியாத இடத்தில் சொல் மடித்து வைத்த பத்திக்குள் இருக்கும். தேடல் அங்கே போனால் மடிப்பும் தானே திறக்க வேண்டும். பகுதி மாறும்போது ‘இனி ஏலம் பகுதி’ என்று ஒரு வரி தோன்றட்டும். கடைசி முடிவு தாண்டி முதலுக்குத் திரும்பும்போதும் அப்படியே. திரும்பி வரும் பொத்தான், தேடத் தொடங்கிய வரிக்கே கொண்டுபோய் விட வேண்டும், பகுதியின் தலைப்புக்கு அல்ல.