ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதி 318 வாங்கிவிட்டேன். அமெரிக்காவில் எம்எஸ் சேர அடுத்து என்ன செய்ய வேண்டும்?

318 நல்ல மதிப்பெண். மறுபடி எழுதலாமா என்று யோசித்தே மாதங்களைக் கரைத்துவிடாதீர்கள். ஜிஆர்இ மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகள்தான். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் ஃபால் பருவத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். சில துறைகள் இப்போது ஜிஆர்இ கேட்பதே இல்லை. துறையின் இணையப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பட்டியல் போடுங்கள்.

முதலில் பரிந்துரைக் கடிதங்களைப் பிடியுங்கள். பெரும்பாலும் 3 வேண்டும். நம் கல்லூரிகளில் துறைத் தலைவர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்று நினைக்கிறோம். உங்களை வகுப்பில் பார்த்ததே இல்லாத தலைவரைவிட, இறுதியாண்டு புராஜெக்ட்டில் கூடவே இருந்த உதவிப் பேராசிரியர் எழுதுவது நூறு மடங்கு மேல். "நீயே எழுதிக் கொண்டு வா" என்று சொன்னால், கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் செய்த வேலையின் விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று கடிதமும் ஒரே கை எழுதியதுபோல் இருந்தால் சந்தேகம் வரும். கடிதம் தருபவர்களின் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையே கேட்டு வாங்குங்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வேலை இருக்கும், அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையில் (எஸ்ஓபி) சிறு வயது ஆசையெல்லாம் வேண்டாம். என்ன செய்தீர்கள், எங்கே தடுக்கியது, அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரிடம் எதைப் படிக்கப் போகிறீர்கள், இதுதான் வேண்டும்.

மதிப்பெண் பட்டியலை விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்து ஏற்றினாலே பல இடங்களில் போதும். ஆனாலும் நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு (எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரப்பூர்வச் சான்று) இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். அப்புறம், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஜிஆர்இ பெயரும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். இனிஷியல் வைக்கும் நமக்கு இதில்தான் சிக்கல் வரும்.