அப்பாவின் இறுவட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்கள் வீடு கல்லாற்றில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அப்பா இருபது வருடமாக வைத்திருக்கும் சீடி பிளேயர் இப்போது பாட்டின் நடுவில் தாவுகிறது. திருத்துபவர், “லென்ஸ் போயிற்று, சாமான் வராது” என்கிறார். இறுவட்டுகள் 150 அளவில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாமே என்று, என்னிடமிருந்த எம்பி3 பாட்டுகளை லப்டொப்பில் போட்டு, ஹெட்போன் துளையிலிருந்து அம்ப்ளிபயருக்குக் கொழுவிப் பார்த்தேன். ஒரே இரைச்சல், பாட்டும் சப்பென்று இருந்தது. “தட்டில் கேட்பதுதான் பாட்டு” என்று அப்பா முடித்துவிட்டார். அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகர், கல்லாறு

அன்புள்ள தம்பி,

அப்பாவின் காதில் பிழையில்லை. ஆனால் நீங்கள் அவருக்குப் போட்டுக் காட்டியது அவருடைய இறுவட்டே அல்ல. இறுவட்டில் ஒரு வினாடிக்கு ஒலியை எண்ணாக அளந்த 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது ஒலி இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்கு 1,411 கிலோபிட். பல எம்பி3 கோப்புகளில் 128 தான் இருக்கும். மிச்சத்தைக் கழித்துத்தான் அந்தக் கோப்பைச் சிறிதாக்கியிருக்கிறார்கள்.

இரைச்சலுக்கு, சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பாட்டைப் போடுங்கள். நின்றுவிட்டால் காரணம் சார்ஜர் வழியாக வருவதுதான். பற்றரியிலேயே கேட்கலாம், அல்லது கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியை இடையில் கொழுவலாம். எர்த் கம்பியை வெட்டச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஹெட்போன் துளையையும் விட்டுவிடுங்கள். யூஎஸ்பியில் கொழுவும் டிஏசி ஒன்று வாங்குங்கள். எண்களை ஒலியாக மாற்றுவது அதுதான். அப்பாவின் பிளேயருக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது, அவர் இத்தனை வருடம் விரும்பிக் கேட்டது அதன் குரலைத்தான்.

இனி முக்கியமான விடயம். பிளேயர் ஓடிக்கொண்டே வாசிக்கிறது. கீறலோ பூஞ்சையோ குறுக்கிட்டால், இறுவட்டிலேயே எழுதியிருக்கும் திருத்தக் குறிகளைக் கொண்டு சரிசெய்யும். அதற்கும் மீறினால் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து நடுவில் உள்ளதை ஊகித்து நிரப்பும். பாட்டை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பிப் போய் வாசிக்க அதற்கு நேரமில்லை. கணினிக்கு அந்த அவசரம் கிடையாது. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி போன்ற மென்பொருள் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒத்துவரும் விடையைத்தான் எடுக்கும். அப்படி எடுத்து ஃபிளாக் கோப்பாக வைத்தால் ஓர் எண்கூடக் குறையாது, இடமும் ஏறத்தாழப் பாதிதான் பிடிக்கும். அப்பாவின் 150 இறுவட்டுகளும் ஒரு பென் டிரைவுக்குள் அடங்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கூத்துப் பழக்கும் எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரின் வடமோடிக் கூத்தை 2005இல் பதிந்து, வீட்டுக் கணினியிலேயே இறுவட்டில் எழுதி அலுமாரியில் வைத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் வெள்ளிப்பூச்சு உரிந்து, ஊசிமுனை அளவில் வெளிச்சம் புள்ளிபுள்ளியாக வந்தது. இறுவட்டு உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுவது. ஆதலால் கடைசிப் பாட்டுகள் இருப்பது ஓரத்தில். வரவுப் பாட்டுகள் மத்தளத்தோடு துலக்கமாகக் கிடைத்தன. கூத்தின் முடிவில் வாழி பாடும் இடம் போய்விட்டது. அண்ணாவியாரும் இப்போது இல்லை. அன்றே வேறொரு பிரதி எடுத்திருந்தால் அது இருந்திருக்கும். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

கடையில் வாங்கிய இறுவட்டு அச்சடித்தது, அதில் குழிகளே எழுத்து. வீட்டில் எழுதியது சாயப்படலத்தில் எழுதியது. வெயிலும் சூடும் ஈரமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். கல்லாற்றுக் காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே வரும். ஆகவே கலியாண வீடு, கோயில் திருவிழா என்று கையால் பெயர் எழுதிய இறுவட்டுகள் அப்பாவின் பெட்டியில் இருந்தால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். அச்சடித்தவை பொறுக்கும். இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் அப்பாவை உட்காரவைத்து, பிளேயர் இன்னும் தாவாமல் பாடும் ஒரு பாட்டை அதிலும் கணினியிலும் மாறிமாறிப் போடுங்கள். சத்தத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். கொஞ்சம் உரத்துக் கேட்பதே நல்லதென்று காது சொல்லிவிடும். எது எதுவென்று சொல்லாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.